வேலையை விடுவதற்கு முன் உங்கள் ஒரு மணி நேரத்துக்கு விலை போடுங்கள்

பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். சம்பளம் மாதம் 2,600 ரிங்கிட். 12 மணி நேர ஷிப்ட். நான்கு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு. கணவர் லாரி ஓட்டுகிறார். பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். கையில் சேமிப்பு 8,000 ரிங்கிட். இவர் சுடும் முறுக்கைத் தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் கேட்டு வாங்கிப் போகிறார்கள். வேலையை விட்டுவிட்டு, பாயான் பாருவில் இருக்கும் அடுக்குமாடி வீட்டிலிருந்தே பலகாரமும், சென்னையிலிருந்து வரவழைக்கும் சேலைகளும் இணையத்தில் விற்கலாமா? எத்தனை மாதத்தில் சம்பளத்துக்கு ஈடாக வரும்? கடன் வாங்கலாமா? பதிவை யார் பெயரில் செய்வது? இவைதான் அவருடைய கேள்விகள்.

நான் ஜார்ஜ் டவுனில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவள். வீட்டுத் தொழில் நடத்தும் பெண்கள் பலரின் கணக்குப் புத்தகம் என் மேசைக்கு வருகிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தொழிலைத் தொடங்குங்கள், வேலையை விடாதீர்கள். வாரத்தில் மூன்று நாள் ஓய்வு கிடைக்கும் வேலை, வீட்டுத் தொழிலைச் சோதித்துப் பார்க்க நினைப்பவருக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. அதைக் கைவிட்டுவிட்டு, வாடகைக்கும் பள்ளிச் செலவுக்கும் முறுக்குதான் பதில் சொல்ல வேண்டும் என்ற நிலைக்கு உங்களைத் தள்ளிக்கொள்ளாதீர்கள். அவசரத்தில் விலையைக் குறைப்போம், ஏற்கக்கூடாத ஆர்டரையெல்லாம் ஏற்போம், வாங்கக்கூடாத இடத்தில் கடன் வாங்குவோம். நான் பார்த்த வீட்டுத் தொழில்களில் பெரும்பாலானவை பொருள் சரியில்லாததால் படுக்கவில்லை. பொருள் அருமையாக இருக்கும், வாங்கியவர்கள் பாராட்டுவார்கள், ஆனால் உழைத்த நேரத்துக்குக் காசு வராது. ஆறாவது மாதத்தில் உடம்பு தளர்ந்து, தானாகவே நின்றுவிடும். ஆகவே, திட்டம் என்று நான் சொல்வது ஒன்றே ஒன்றைத்தான்: உங்கள் உழைப்புக்கும் விலை போட்டுக் கணக்குப் பாருங்கள்.

மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 ரிங்கிட். ஒரு மணி நேரத்துக்கு 8.17 ரிங்கிட் என்று அதே உத்தரவில் இருக்கிறது. இந்த 8.17 என்ற எண்ணைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். உங்கள் தொழில் உங்களுக்கு மணிக்கு இதைவிடக் குறைவாகக் கொடுத்தால், நாட்டில் சட்டப்படி எந்த முதலாளியும் கொடுக்கக்கூடாத கூலியை நீங்களே உங்களுக்குக் கொடுக்கிறீர்கள்.

இப்போது முறுக்கை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ள எண்கள் மாதிரிக்கு நான் போடுபவை. உங்கள் அடுப்பில், உங்கள் கடையில் வாங்கிய மாவில் இவை மாறும். கணக்குப் போடும் முறையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

அரை கிலோ முறுக்கு ஒரு டப்பா 18 ரிங்கிட் என்று விற்கிறீர்கள். அரிசி மாவு, உளுத்தம் மாவு, வெண்ணெய், ஓமம், எள் எல்லாம் சேர்த்து 4.50. எண்ணெயும் எரிவாயுவும் 1.20. டப்பா, மூடி, லேபிள் 1.60. குமிழித்தாள், அட்டைப்பெட்டி, டேப் 1.50. உடைந்து போவதற்கும் பணம் திருப்பிக் கொடுப்பதற்கும் சராசரியாக 70 சென். விற்பனைத் தளம் பிடித்துக்கொள்ளும் கமிஷனும் பரிவர்த்தனைக் கட்டணமும் 15 விழுக்காடு என்று எடுத்துக்கொண்டால் 2.70. தள்ளுபடி வவுச்சரில் உங்கள் பங்கு 1 ரிங்கிட். மொத்தச் செலவு 13.20. கையில் நிற்பது 4.80.

ஒரு டப்பாவுக்கு 4.80 லாபம் என்றால் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். இப்போது நேரத்தைச் சேருங்கள். 20 டப்பா, அதாவது 10 கிலோ. சாமான் வாங்கப் போனது, மாவு சலித்தது, பிசைந்தது, அச்சில் பிழிந்தது, சுட்டது, ஆறவிட்டது, எடை போட்டது, டப்பாவில் அடுக்கியது, படம் எடுத்துப் பதிவேற்றியது, “அக்கா, காரம் இருக்குமா?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் எழுதியது, பொட்டலம் கட்டிக் கொரியர் கடைக்குக் கொண்டு போனது, வந்து எண்ணெய்ச் சட்டியையும் தரையையும் கழுவியது. ஒரே ஓர் அடுப்பு வைத்திருப்பவருக்கு இவை எல்லாம் சேர்ந்து 13 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 டப்பாவுக்கு 96 ரிங்கிட். மணிக்கு 7.38. சுவரில் ஒட்டிய எண்ணைத் தொடவில்லை.

இதே வேகத்தில் 2,600 ரிங்கிட் சம்பாதிக்க மாதம் 542 டப்பா விற்க வேண்டும். 271 கிலோ முறுக்கு. ஏறக்குறைய 352 மணி நேர உழைப்பு. சட்டம் அனுமதிக்கும் வாரம் 45 மணி நேர வேலை என்பது மாதத்துக்கு 195 மணி நேரம்தான். ஒரு பெண் தனியாகச் செய்யக்கூடிய வேலை அல்ல இது.

ஒரே ஒரு வரியை மாற்றிப் பாருங்கள். தளம் வேண்டாம், வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, வங்கிக் கணக்குக்கு உடனே பணம் மாற்றும் டூயிட்நவ் வழியாக நேரடியாகப் பணம் வாங்கி, வாடிக்கையாளரே கீழே வந்து எடுத்துக்கொள்கிறார். கமிஷன் 2.70, வவுச்சர் 1.00 இரண்டும் போய்விட்டன. கையில் நிற்பது 8.50. இப்போது 2,600 ரிங்கிட்டுக்கு 306 டப்பா, 199 மணி நேரம். அதே முறுக்கு, அதே கை. விற்கும் வழி மாறியதும் நடக்கவே முடியாத ஒன்று ஒரு முழுநேர வேலையின் அளவுக்கு வந்துவிட்டது. மணிக்கு 13 ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமல் “எங்கே விற்பது” என்று முடிவெடுப்பவர்கள்தான் அதிகம்.

ஷோப்பி, லசாடா, டிக்டாக் ஷாப் எதுவும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெரியாத ஆட்களை உங்கள் கடைக்குக் கொண்டு வரும் கூலிதான் அந்தக் கமிஷன். பொருளின் வகையைப் பொறுத்தும், நீங்கள் சேரும் இலவச அஞ்சல் திட்டங்களைப் பொறுத்தும் அது மாறும். தளங்கள் கட்டணத்தை அடிக்கடி மாற்றுகின்றன. விலை நிர்ணயிக்கும் நாளன்று விற்பனையாளர் பக்கத்திலுள்ள கட்டணப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு போடுங்கள்; தோழி சொன்ன எண்ணை நம்பாதீர்கள். தளத்தில் வைக்கும் விலையும் நேரில் விற்கும் விலையும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

கொரியரில் பலகாரக்காரர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. முறுக்கு எடை குறைவு, ஆனால் இடத்தை அடைக்கும். கொரியர் நிறுவனங்கள் உண்மை எடையையும் பெட்டியின் பரிமாண எடையையும் பார்த்து, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடும். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது வழக்கமான முறை. 30க்கு 25க்கு 20 அளவுள்ள பெட்டி என்றால் 3 கிலோ. உள்ளே அரை கிலோ டப்பா மூன்றை வைத்துச் சுற்றிலும் குமிழித்தாள் அடைத்தால் உண்மை எடை 2 கிலோகூட வராது. சபா, சரவாக்கிற்கு அனுப்பினால் இந்த ஒரு கிலோ வித்தியாசமே லாபத்தைச் சாப்பிட்டுவிடும். ஆகவே டப்பாவைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்குப் பெட்டி தேடாதீர்கள். பெட்டியின் அளவை முதலில் முடிவு செய்து, அதில் இடம் வீணாகாமல் அடங்கும் டப்பாவை வாங்குங்கள்.

தொடங்குவதற்கு முன் இரண்டு சோதனைகளைக் கட்டாயம் செய்யுங்கள். முதலாவது, ஜொகூர் பாருவில் ஒரு சொந்தக்காரருக்கும், கோத்தா கினபாலுவில் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவருக்கும் இரண்டு டப்பா அனுப்பிவையுங்கள். பிரிக்கும்போதே காணொளி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எத்தனை முழு முறுக்கு, எத்தனை தூள் என்று கண்ணால் பார்த்துவிடலாம். இரண்டாவது, ஒவ்வொரு முறை சுடும்போதும் ஒரு டப்பாவைத் தனியே எடுத்து, தேதி எழுதி, சமையலறை அலமாரியில் வையுங்கள். இரண்டாவது வாரம், நான்காவது வாரம், ஆறாவது வாரம் திறந்து மோந்து பாருங்கள், ஒன்றைக் கடித்துப் பாருங்கள். பினாங்கின் ஈரக் காற்றில் நமுத்துப் போவது ஒரு பக்கம். எண்ணெய் சிக்கு வாடை அடிப்பது இன்னொரு பக்கம். எந்த வாரத்தில் வாடை வருகிறதோ அதற்கு இரண்டு வாரம் முன்னதாகக் காலாவதித் தேதி போடுங்கள். இதைச் செய்யாமல் “மூன்று மாதம் தாங்கும்” என்று லேபிளில் அச்சடித்து, ஆயிரம் லேபிளையும் குப்பையில் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

எண்ணெய் பற்றி இன்னொன்று. 2.50 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய், குடும்பங்களின் பயன்பாட்டுக்கென்று அரசு உதவித்தொகை கொடுத்து விற்கப்படுவது. வியாபாரத்துக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. அந்த விலையை வைத்து அடக்கவிலை போட்டிருந்தால் மாற்றிப் போடுங்கள்.

இனி, எத்தனை மாதத்தில் சம்பளத்துக்கு ஈடாகும் என்ற கேள்வி. உங்கள் சம்பளம் 2,600 அல்ல. ஊழியர் சேமநிதிக்கு முதலாளி கட்டும் 13 விழுக்காடு மாதம் 338 ரிங்கிட் அளவுக்கு வரும். அதற்கு மேல் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி, முதலாளி செலவில் பார்க்கும் பேனல் கிளினிக், ஆண்டு விடுப்பு, மருத்துவ விடுப்பு. தானாக வேலையை விட்டவருக்கு வேலைக் காப்புறுதித் திட்டத்தில் உதவித்தொகை கிடைக்காது என்பதும் நினைவிருக்கட்டும். இவற்றையெல்லாம் கூட்டினால், தொழிலிலிருந்து மாதம் 3,000 ரிங்கிட் நிகரமாக வந்தால்தான் இப்போது இருக்கும் இடத்துக்கு வருகிறீர்கள். மணிக்கணக்கு இப்படி இருக்க, தனி ஆளாக, பலகாரத்தை மட்டும் நம்பி அந்தத் தொகையை முதல் ஆண்டில் எதிர்பார்க்காதீர்கள். இரண்டாவது ஆண்டில், நிலையான வாடிக்கையாளர்கள் சேர்ந்த பிறகு, உதவிக்கு ஓர் ஆள் வைத்துக்கொள்ளும் நிலை வந்தால் பேசலாம்.

தீபாவளி விற்பனையை வைத்து மதிப்பிடுவது இங்கேதான் ஏமாற்றுகிறது. தீபாவளிக்கு முந்தைய ஐந்தாறு வாரங்களில் நம் வீடுகள் எல்லாமே பலகாரம் வாங்கும். சுடச் சுடப் போகும். அந்த வேகத்தைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டு வருமானம் என்று எழுதிக் கொண்டு வருகிறார்கள். தீபாவளி முடிந்த அடுத்த மாதம் எத்தனை டப்பா போகும் என்பதுதான் உங்கள் தொழிலின் உண்மையான அளவு. சீனப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் மற்ற இனத்தவரும் முறுக்கு வாங்குகிறார்கள் என்பது நல்ல வாய்ப்பு. அதைப் பிடிக்க ஆறு மாதம் முன்பே மலாயிலும் ஆங்கிலத்திலும் பக்கம் தயாராக இருக்க வேண்டும். ஆனால் லேபிளிலோ விளம்பரத்திலோ “ஹலால்” என்று நீங்களாகவே எழுதிவிடாதீர்கள். 2011ஆம் ஆண்டு ஆணைப்படி, தகுதியுள்ள அமைப்பின் சான்றிதழ் இல்லாமல் அப்படிச் சொல்வது குற்றம்.

என்னிடம் கணக்கு எழுதக் கொடுக்கும் ஓர் அம்மாள் ஜெலுத்தோங்கில் இட்லி மாவு விற்கிறார். அவர் செய்யும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் வியாழன் இரவு 9 மணிக்கு ஆர்டர் முடிந்துவிடும். பணம் கட்டியவர் பெயர் மட்டுமே பட்டியலில் ஏறும். வெள்ளி காலை, பட்டியலில் உள்ள கிலோவுக்கு மட்டும் அரிசியும் உளுந்தும் ஊறப் போடுகிறார். மாலையில் அரைத்து, இரவு புளிக்கவிட்டு, சனி காலை 8 மணியிலிருந்து 10 மணி வரை அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் மேசை போட்டுக் கொடுத்துவிடுகிறார். கொரியர் இல்லை, பெட்டி இல்லை, கமிஷன் இல்லை, மீந்துபோன மாவு இல்லை. 10 மணிக்கு மேல் வருகிறவருக்கு அடுத்த வாரம்தான். ஒரு பாக்கெட்டில் லாபம் கொஞ்சம்தான். ஆனால் வாங்கியவர் அடுத்த வாரமும் வாங்குகிறார். புது ஆளைத் தேடும் செலவு அவர் கணக்குப் புத்தகத்தில் ஏறக்குறைய இல்லை. வாரத்தில் ஒன்றரை நாள் உழைப்பு. மணிக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்தால் பெரிய பக்கங்கள் நடத்தும் பலரைவிட மேல். உங்கள் முறுக்கோடு வாரந்தோறும் வாங்கக்கூடிய ஏதாவது ஒன்றைச் சேர்க்க முடியுமா என்று யோசியுங்கள். பருப்புப் பொடி, கறித்தூள், இடியாப்ப மாவு, மாலைப் பலகாரம், உங்கள் கைப்பக்குவத்தில் எது நன்றாக வருமோ அது. உங்கள் அடுக்குமாடியிலும் பக்கத்து அடுக்குமாடிகளிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களே முதல் சந்தை. ஷிப்ட் முடிந்து களைத்து வரும் தோழிகள் உங்கள் தொழிற்சாலையிலேயே இருக்கிறார்கள்.

சேலையைப் பற்றி ஒரே வார்த்தை: இப்போது வேண்டாம். 8,000 ரிங்கிட் சேமிப்பில் 5,000க்குச் சேலை வாங்கினால் அந்தப் பணம் அலமாரியில் தூங்கும். நல்ல நிறங்கள் முதல் வாரத்தில் போய்விடும், மீதி அடுத்த தீபாவளிவரை இருக்கும். லெபோ பாசாரில் வரிசையாக இருக்கும் துணிக்கடைகளோடும், இரவு முழுக்க லைவ் போடும் பெரிய விற்பனையாளர்களோடும் போட்டி. அஞ்சல் செலவு, சுங்கம், விற்பனை வரி, “படத்தில் பார்த்த நிறம் இல்லை” என்று திரும்பி வருவது எல்லாம் தனி. ஆசை விடவில்லையென்றால், முன்பணம் வாங்கிக்கொண்டு முன்பதிவுக்கு மட்டும் வரவழையுங்கள். எத்தனை நாளில் வரும் என்பதை எழுத்தில் கொடுங்கள்.

சட்ட விஷயங்கள் பலரும் பயப்படுகிற அளவுக்குக் கடினமில்லை, ஆனால் தள்ளிப் போடக் கூடாது. மலேசிய நிறுவன ஆணையத்தில், அதாவது எஸ்.எஸ்.எம்.மில், தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். அடையாள அட்டையில் உள்ள பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். இணையத்திலேயே செய்துவிடலாம்; முகவருக்கு நூற்றுக்கணக்கில் கொடுக்கத் தேவையில்லை.

உணவு என்பதால் அடுத்த படிகள் உண்டு. உணவு கையாள்வோர் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் கட்டாயம்; தடுப்பூசியை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டும். பினாங்கு மாநகர் கழக முகப்பில் போய், அடுக்குமாடி வீட்டில் உணவு தயாரித்து விற்க என்ன உரிமம் வேண்டும், உங்கள் கட்டடத்துக்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள். உங்கள் கட்டட நிர்வாகக் குழுவிடமும் கேளுங்கள். எண்ணெய் வாடை, கொரியர் ஆட்கள் வந்து போவது பற்றி முதலில் புகார் கொடுப்பவர் பக்கத்து வீட்டுக்காரராகத்தான் இருப்பார். அவருக்கு முதல் டப்பாவைக் கொடுத்துப் பேசி வைத்துக்கொள்வது நல்லது. லேபிளில் பொருளின் பெயர், சேர்மானங்கள், எடை, தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், காலாவதித் தேதி இருக்கட்டும். உள்ளூர்த் தயாரிப்பு என்பதால் மலாய் மொழியில் இருக்க வேண்டும். கச்சான் (நிலக்கடலை), எள், பால் பொருள் சேர்ந்திருந்தால் தெளிவாக எழுதுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளை ஒன்று அறியாமல் சாப்பிட்டுவிடக் கூடாது. இதில் மட்டும் எந்தச் சமாதானமும் கிடையாது.

இதே கையோடு மூலிகைத் தலைமுடி எண்ணெய், குளியல் சோப்பு என்று சேர்க்க நினைப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அழகு சாதனப் பொருள் எதுவாக இருந்தாலும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ.வில் அறிவிப்புச் செய்த பிறகுதான் விற்கலாம். நோய் தீரும் என்று எழுதினால் அது மருந்தாகிவிடும், விதிகளும் வேறு. வீட்டில் பாட்டி காய்ச்சிய எண்ணெய் என்பது விலக்கு அல்ல.

“விலைக்கு இன்பாக்ஸ் வாருங்கள்” என்ற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மின் வணிகத்துக்கான பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகள், விற்பவரின் பெயர், பதிவு எண், தொடர்பு, பொருளின் தன்மை, முழு விலை, பணம் செலுத்தும் முறை, நிபந்தனைகள், எத்தனை நாளில் கிடைக்கும் ஆகியவற்றை வெளிப்படையாகப் போடச் சொல்கின்றன. குறைப்பட்ட வாடிக்கையாளர் 5 ரிங்கிட் கட்டிப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். விலையைப் போட்டுவிட்டால் உங்களுக்கும் நேரம் மிச்சம். பதில் எழுதும் அந்த மணிகளும் 8.17 கணக்கில் வருபவைதான்.

வருமான வரியில் உங்களுக்கு ஒரு நன்மை இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. பதிவு செய்த நாளிலிருந்து நீங்கள் சம்பளக்காரர்களுக்கான பி.இ. பாரத்துக்குப் பதில் தொழில் செய்பவர்களுக்கான பி. பாரம் தாக்கல் செய்வீர்கள். கடைசி நாள் ஜூன் 30. முதல் ஆண்டில் தொழிலில் நட்டம் வந்தால் அதை அதே ஆண்டின் சம்பள வருமானத்தோடு கழித்துக்கொள்ளலாம். ஆனால் ரசீது இருந்தால்தான். மாவு வாங்கிய சீட்டு வெப்பத்தில் மங்கிவிடும்; வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள். ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

பணத்துக்கு வருவோம். 8,000இல் 5,500ஐ வேறொரு கணக்கில் போட்டுவிடுங்கள். அது பிள்ளைகளுக்கும் வீட்டுக்கும் உரியது. லாரி ஓட்டுபவரின் வருமானம் மாதத்துக்கு மாதம் மாறக்கூடியது என்பதையும் நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். மீதி 2,500 தொழிலுக்கு. அது தீர்ந்தால் நிறுத்தி யோசிப்பேன் என்று இன்றைக்கே கணவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். பணம் கரையத் தொடங்கிய பிறகு அந்தப் பேச்சு சண்டையாகத்தான் முடியும். முதல் 2,500இல் மிக்சியோ, மின்சார முறுக்கு இயந்திரமோ வாங்காதீர்கள். மூன்று முறை சுட்டு, எந்த வேலை எத்தனை நிமிடம் எடுத்தது என்று தாளில் எழுதுங்கள். சுடுவதுதான் நேரம் எடுக்கிறது என்று எல்லோரும் நினைப்பார்கள். எழுதிப் பார்த்தால் கட்டுவதிலும் பதில் சொல்வதிலும் பாதி நேரம் போயிருக்கும். நேரம் எங்கே போகிறதோ அங்கே காசைப் போடுங்கள்.

கடன் இப்போது வேண்டாம். சிறு தொழில்களுக்குக் கடன் தரும் அரசு அமைப்பான டெக்குன் நேஷனலின் ஸ்பூமி திட்டம் இந்தியச் சமூகத்துத் தொழில்முனைவோருக்கானது. சிறுகடன் அமைப்பான அமானா இக்தியாரின் ‘பெண்’ (PENN) திட்டம் இந்தியப் பெண்களுக்கானது. இரண்டும் நல்ல வழிகள்தான். ஆறு மாத விற்பனைக் கணக்கும் வங்கி அறிக்கையும் கையில் இருக்கும்போது போங்கள். எவ்வளவு கேட்பது என்று உங்களுக்கே அப்போதுதான் தெரியும். 2024 மே முதல் சேமநிதியில் வந்திருக்கும் நெகிழ்வுக் கணக்கில் பணம் எடுப்பது சுலபம் என்பதற்காக அதை முதலாகப் போடாதீர்கள். தாலிக்கொடியை அடகுக்கு அனுப்பாதீர்கள். தெரிந்தவர்கள் நடத்தும் கூட்டில் சீட்டு எடுத்து முதல் போடுவதும் வேண்டாம். கூட்டு நிதியைத் தடைசெய்யும் சட்டம் 1971 முதல் இருக்கிறது, நடத்துபவர் ஓடிவிட்டால் போய்க் கேட்க இடமில்லை.

நீங்கள் இணையத்தில் தொழில் தேடத் தொடங்கிய உடனே கைப்பேசிக்கு விளம்பரங்கள் வந்து குவியும். வீட்டிலிருந்தபடி வருமானம், முதலில் கொஞ்சம் பணம் கட்டினால் போதும், காணொளிக்கு விருப்பம் தட்டினால் கமிஷன் என்பவை எல்லாம் பறிப்பதற்காக விரித்த வலை. யார் கேட்டாலும் உங்கள் வங்கிக் கணக்கைப் பயன்படுத்தக் கொடுக்காதீர்கள். வழக்கு உங்கள் மேல் வரும். பணம் போய்விட்டது என்று தெரிந்த நொடியில் மோசடிப் புகார்களுக்கான 997 எண்ணுக்கு அழையுங்கள். ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும் “ஆன்லைன் தொழில் ரகசிய” வகுப்புகளும் தேவையில்லை. விற்பனைத் தளங்களே தங்கள் விற்பனையாளர்களுக்கு இலவசப் பாடங்கள் வைத்திருக்கின்றன. ஆர்டர் வரத் தொடங்கியதும் இன்னொரு விதமான ஏமாற்று வரும்: பணம் செலுத்திய சீட்டின் படத்தைத் திருத்தி அனுப்புவார்கள். படத்தைப் பார்த்துப் பொருளைக் கொடுக்காதீர்கள். வங்கிச் செயலியைத் திறந்து, பணம் உள்ளே வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எப்போது வேலையை விடலாம்? என் அளவுகோலைச் சொல்கிறேன். பண்டிகை இல்லாத மூன்று மாதங்கள் தொடர்ந்து, உங்கள் ஓய்வு நாட்களில் மட்டும் உழைத்தே, எல்லாச் செலவும் போக 1,500 ரிங்கிட் நின்றிருக்க வேண்டும். மணிக்கு 12 ரிங்கிட்டாவது வந்திருக்க வேண்டும். நேரம் இல்லாததால் ஆர்டரைத் திருப்பி அனுப்பும் நிலை வந்திருக்க வேண்டும். ஆறு மாத வீட்டுச் செலவு தனியே சேர்ந்திருக்க வேண்டும். நான்கும் கூடினால் விடுங்கள். விட்ட மாதமே சேமநிதியில் சுயதொழில் செய்பவர்களுக்கான ஐ-சாரான் திட்டத்தில் பதிந்து சிறு தொகையாவது கட்டுங்கள். அதற்கு அரசும் ஊக்கத்தொகை சேர்க்கிறது. சொக்சோவின் சுயதொழில் திட்டத்திலும் சேருங்கள். கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் நின்று பிழைப்பவருக்கு அது அவசியம். இப்போதே பார்க்க வேண்டிய ஒன்று, உங்கள் வேலை ஒப்பந்தத்தில் வெளித் தொழிலுக்கு அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி இருக்கிறதா என்பது. இருந்தால் மனிதவளப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கடைசிக் கேள்வி, பதிவு யார் பெயரில். உங்கள் பெயரில். கணவர் பெயரில் போட்டால் வரிக் கணக்கு அவருடையதாகும், விற்பனை வரலாறும் வங்கி அறிக்கையும் அவர் பெயரில் சேரும், நாளை பெண் தொழில்முனைவோருக்கான கடனுக்கு நீங்கள் போய் நிற்கும்போது உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது. சுடுவதும் விற்பதும் நீங்கள். பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் அதைக் கொண்டுபோய்த் தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்று திறந்து, டூயிட்நவ் க்யூஆர் குறியீட்டை அந்தக் கணக்கிலேயே எடுங்கள். வீட்டு மளிகைப் பணமும் முறுக்குப் பணமும் முதல் நாளிலிருந்தே கலக்காமல் இருந்தால், ஆறு மாதம் கழித்து உங்கள் கணக்கைப் பார்க்க எனக்கு ஒரு மாலைப் பொழுது போதும். வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.